கிளைக்கோபுரத ஆராய்ச்சி: திருநெல்வேலி மாணவருக்கு முன்னுள்ள நான்கு வழிகள்

உயிர்வேதியியலிலோ உயிரித் தொழில்நுட்பத்திலோ எம்.எஸ்சி. முடித்துவிட்டு, கிளைக்கோபுரதங்களை, அதாவது மேலே சர்க்கரைச் சங்கிலிகள் இணைந்திருக்கும் புரதங்களை, ஆராய்வதையே வாழ்நாள் தொழிலாகக் கொள்ளலாமா என்று யோசிக்கும் ஒரு மாணவருக்கு, திருநெல்வேலிச் சீமையிலிருந்து பார்த்தால் நான்கு வழிகள் தெரிகின்றன. அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ அதன் கீழுள்ள கல்லூரி ஒன்றிலோ பி.எச்.டி. செய்வது முதல் வழி. பெங்களூரு, திருவனந்தபுரம், புனே, டெல்லி போன்ற ஊர்களிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனங்களுக்குச் செல்வது இரண்டாவது. ஆராய்ச்சிப் பட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு உயிரி மருந்து நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்வது மூன்றாவது. நேரே வெளிநாடு போவது நான்காவது. வீட்டில் கேட்டால், பி.எட். முடித்து அரசுப் பள்ளி வேலைக்குத் தேர்வு எழுது என்று ஐந்தாவதாக ஒன்றையும் சொல்வார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் அது வரவில்லை, அவ்வளவுதான்.

இத்தகைய வழிகளை ஒப்பிடும்போது உதவித்தொகை, ஊரின் தொலைவு, பட்டத்துக்குள்ள பெயர் ஆகியவற்றையே எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலி ஏறுவதை ஆராயும் கிளைக்கோசைலேற்றத் துறையில் இவற்றுக்கெல்லாம் முன்னால் வேறொரு கேள்வியை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. நாம் சேரப்போகும் இடத்தில், ஒரு சர்க்கரைச் சங்கிலியின் அமைப்பை அளந்து உறுதியாகச் சொல்லக்கூடிய ஆளும் கருவியும் இருக்கின்றனவா என்பதே அந்தக் கேள்வி. இல்லையென்றால், குறைந்தபட்சம் அவை இருக்கும் இடத்தோடு வழிகாட்டிக்கு உயிருள்ள தொடர்பாவது இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குத் துறையின் இயல்பே காரணம். ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசை டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கிறது, அதன் மேல் ஏறும் சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி எழுதிவைத்த மூலப்படி எதுவும் இல்லை. அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் ஏறும் வகையை எடுத்துக்கொண்டால், 14 சர்க்கரை அலகுகள் கொண்ட, முன்கூட்டியே கட்டிவைத்த ஒரு சங்கிலி, செல்லுக்குள் உள்ள எண்டோபிளாச வலையில் புரதத்தின் மேல் மொத்தமாக ஏற்றப்படுகிறது. பிறகு அங்கேயும் கோல்கி உறுப்பிலும் நொதிகள் அதை வெட்டியும் நீட்டியும் கிளைக்கவைத்தும் முடிக்கின்றன. செல்லில் எந்த நொதி எவ்வளவு இருக்கிறது, எந்தச் சர்க்கரை கையிருப்பில் இருக்கிறது, புரதம் எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறது என்பவற்றைப் பொறுத்து, ஒரே புரதத்தின் ஒரே இடத்தில் பல வகைச் சங்கிலிகள் அமைகின்றன. ஆகவே மரபணுவைப் படித்துவிட்டு, இந்த இடத்தில் இன்ன சங்கிலிதான் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற மென்பொருள் 2024இல் நோபல் பரிசு வரை சென்றுவிட்ட நிலையிலும், இன்ன செல்லில் இன்ன இடத்தில் என்ன சங்கிலி ஏறியிருக்கிறது என்பதை நொதியால் வெட்டியெடுத்து, நிறை நிறமாலைமானியில் (மூலக்கூறுகளை எடைபோடும் கருவியில்) எடைபோட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கொரோனா வைரஸின் முட்புரதத்தில், ஒரு தனி அலகில் 22 இடங்களில் இத்தகைய சங்கிலிகள் ஏறக்கூடும் என்று தெரிந்திருந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஏறியிருப்பது எந்த வகை என்பதை 2020இல் நிறமாலைமானியைக் கொண்டுதான் கண்டறிந்தார்கள்.

இதோடு இன்னொன்றையும் தெளிவாக்கிவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு எடுக்கும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையைக் காட்டி, "இதுதானே நீங்கள் படிப்பது?" என்று கேட்பவர்கள் உண்டு. அது இரத்தத்தில் மிகுந்துபோன குளுக்கோஸ், நொதியின் உதவியின்றித் தானாக ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்வது. நாம் பேசுவது செல் நொதிகளைக் கொண்டு திட்டமாகக் கட்டும் சங்கிலி. உறவினர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாம். ஆய்வுத் திட்டம் எழுதுகிறவர் குழப்பிக்கொண்டால் நேர்காணலோடு கதை முடிந்துவிடும்.

முதல் வழியைப் பார்ப்போம். இங்கேயே இருந்து ஆராய்வதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு; அது லெக்டின்கள். குறிப்பிட்ட சர்க்கரைகளைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். விதைகளில் இவை மிகுதியாக உள்ளன. நம் பக்கத்தில் காணம் என்று சொல்லும் கொள்ளில் உள்ள லெக்டின், தக்க அளவில் நீர்த்துப் பயன்படுத்தினால், ஏ இரத்தப் பிரிவின் உட்பிரிவான ஏ1 வகைச் சிவப்பணுக்களைத் திரளவைக்கும். ஏ2 வகையை விட்டுவிடும். 1950களின் தொடக்கத்தில், இந்தியாவில் இராணுவ மருத்துவப் பணியிலிருந்த பேர்ட் என்பவர் இதைக் கண்டறிந்தார். இன்றும் இரத்த வங்கிகள் ஏ1 வகையைப் பிரித்தறிய இதைப் பயன்படுத்துகின்றன. குற்றால சீசனில் சாலையோரம் குவிந்துகிடக்கும் பலாவின் கொட்டையில் இருப்பது ஜாக்கலின் என்ற லெக்டின், ஐ.ஜி.ஏ.1 என்ற ஆன்டிபாடியை (நோயெதிர்ப்புப் புரதத்தை) மற்றவற்றிலிருந்து பிரித்தெடுக்க அது உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. நிலக்கடலை லெக்டின், புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் வெளிப்படும் ஒரு குறுகிய சர்க்கரை அமைப்பை அடையாளம் காண்கிறது. குன்றிமணியிலும் ஆமணக்கிலும் உள்ள நச்சுகள்கூட, செல் மேற்பரப்பிலுள்ள காலக்டோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் லெக்டின்களே.

ஆக, மூலப்பொருளுக்கு இங்கே பஞ்சமில்லை. விதையை அரைத்து, உப்பில் படியவைத்து, நிரலில் (பிரிப்புக் குழாயில்) பிரித்து, இரத்தச் செல்களோடு கலந்து அவை திரள்கின்றனவா என்று பார்ப்பதற்கு ஒரு நல்ல கல்லூரி ஆய்வகமே போதும். இதுவே இந்த வழியின் பலவீனமும் ஆகிறது. புதிய விதை ஒன்றிலிருந்து லெக்டினைப் பிரித்தேன், அதன் எடை இவ்வளவு, இன்ன சர்க்கரை அதைத் தடுக்கிறது, இன்ன பாக்டீரியாவை அது கொல்கிறது என்று முடிகிற ஆய்வேடுகள் நாட்டில் ஏராளம். அத்தகைய ஆய்வேட்டை வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போவது கடினம். அந்த லெக்டின் எந்தச் சங்கிலியை, எந்தப் பிணைப்போடு, எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று சொல்லும்போதுதான் அது கிளைக்கோபுரத ஆராய்ச்சியாகிறது. அதற்கு வேண்டிய கருவிகள் மாவட்டத்துக் கல்லூரிகளில் பொதுவாக இருப்பதில்லை. ஆனால் கட்டணம் செலுத்திப் பெற முடியும்: சென்னை ஐ.ஐ.டி.யிலுள்ள சைஃப் என்ற கருவி மையமும் பெங்களூரின் சி-கேம்ப் ஆய்வு மையமும் வெளியாருக்கும் அளவீடு செய்து தருகின்றன. ஐ-ஸ்டெம் இணையதளத்தில் நாடெங்கிலும் உள்ள கருவிகளைத் தேடி முன்பதிவு செய்யலாம். மாதிரியை அனுப்பி முடிவை வாங்குவது எளிது. வந்த முடிவைப் படித்துப் பொருள்கொள்ளத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதுதான் கடினமான பகுதி.

இங்கேயே இருப்பவர்களுக்கு நான் கூடுதலாகப் பரிந்துரைப்பது கணினிவழி ஆராய்ச்சி. சர்க்கரைச் சங்கிலிகள் எப்படி வளைகின்றன, புரதத்தின் எந்தப் பள்ளத்தில் பொருந்துகின்றன என்பவற்றைக் கணக்கிடுவதில் இந்தியாவுக்கு நீண்ட மரபு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் தொடங்கிய புரத வடிவக் கணக்கீடுகளின் வழியில் வந்த வி. எஸ். ஆர். ராவ், பெங்களூரில் சர்க்கரைகளின் வடிவங்களை ஆராய்ந்தார். இதற்கு ஊர் ஒரு தடையல்ல. நல்ல கணினியும் நிதானமும் வேண்டும்.

இரண்டாவது வழிதான் பெரும்பாலோருக்கு ஏற்றது என்று நினைக்கிறேன். அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அவதேஷ் சுரோலியாவும் எம். விஜயனும் லெக்டின்களைப் பற்றிப் பல பத்தாண்டுகள் நடத்திய ஆய்வுகள் உலகம் அறிந்தவை. நிலக்கடலை லெக்டினின் படிக அமைப்பு 1994இலும், ஜாக்கலினின் அமைப்பு 1996இலும் அங்கிருந்தே வெளிவந்தன. கடலையும் பலாவும் நம் ஊர்ச் சந்தையில் கிடைத்தாலும், அவற்றின் புரதத்தை அணு அளவில் பார்க்க அங்கேதான் போக வேண்டியிருந்தது என்பதை முதல் வழியைத் தேர்ந்தெடுப்பவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். டெல்லியின் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம், மும்பை ஐ.ஐ.டி., சண்டிகரின் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனம், புனேயின் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) ஆகிய இடங்களிலும் சர்க்கரை வேதியியலையோ சர்க்கரை உயிரியலையோ மையமாகக் கொண்ட ஆய்வுக் குழுக்கள் இயங்கிவந்திருக்கின்றன. திருவனந்தபுரத்தில் ஐசரும், ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. ராஜீவ் காந்தி மையத்தில் நிறமாலைமானி வசதி உண்டு. நாகர்கோவில் வழியாகவோ, தென்காசிக்காரர்களானால் புனலூர் வழியாகவோ வார இறுதியில் வீட்டுக்கு வந்து திரும்பலாம். பெண்பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களில் இந்த ஒரு செய்தியே முடிவை மாற்றக்கூடும் என்பதால் சொல்கிறேன். சென்னை அவர்களுக்கு அருகில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் திருவனந்தபுரம் அதைவிட மிகப் பக்கம்.

இந்த வழிக்கான நுழைவாயில் தேர்வுகள். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால், 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட கணக்கின்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும், இவற்றோடு வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். உயிரித் தொழில்நுட்பத் துறையும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தனித் தேர்வுகள் நடத்துகின்றன. முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ அம்மா பீடி சுற்றிப் படிக்கவைத்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, இந்தத் தொகை வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பும்படியாக இருக்கும் என்பதைப் பேராசிரியர்கள் பல நேரம் மறந்துவிடுகிறார்கள். உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து, கைடு திட்டப்பணி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது, எந்த ஊரில் சேர்ந்தாலும் தவறான முடிவு. ஜே.ஆர்.எஃப். கையில் இருந்தால் முதல் வழியும் கண்ணியமான வழியாகிறது. அது இல்லாமல் முதல் வழியில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழிக்கு உள்ள விலை, காலம். ஐந்து முதல் ஆறு ஆண்டு பி.எச்.டி., அதன்பின் வெளிநாட்டிலோ இங்கேயோ சில ஆண்டு முதுமுனைவர் பணி, அதற்குப் பிறகே நிரந்தர வேலைக்கான விண்ணப்பம் என்று போனால் முப்பத்தைந்து வயதை எட்டிவிடும். அந்த விண்ணப்பமும் கைகூடும் என்ற உறுதி இல்லை. கிளைக்கோசைலேற்றத்தில் இந்தக் காலம் மேலும் நீளக்கூடும். ஒரு சங்கிலியின் அமைப்பை உறுதிசெய்யும் வேலை, மரபணு வரிசையைப் படிப்பதைப் போல இயந்திரம் முடித்துத் தருவதன்று. அதே கடினம்தான் இந்தத் துறையில் கூட்டம் குறைவாக இருப்பதற்கும் காரணம். கற்றுத் தேர்ந்தவரைத் தேடிவருவார்கள்.

மூன்றாவது வழியை நம் கல்லூரிகளில் இரண்டாந்தரமாகப் பேசுகிறார்கள், அது சரியன்று. கிளைக்கோபுரதங்களைப் பற்றி இந்தியாவில் நாள்தோறும் மிகத் துல்லியமாக அளந்துகொண்டிருப்பவர்களில் பெரும் பகுதியினர் மருந்து நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கு இரத்தம் ஊறுவதற்காகப் போடும் எரித்ரோபாய்ட்டின் ஊசி ஒரு கிளைக்கோபுரதம். அதன் சங்கிலிகளின் நுனியில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை இல்லாவிட்டால், கல்லீரல் அதை இரத்தத்திலிருந்து விரைவில் அகற்றிவிடும். எரித்ரோபாய்ட்டினில் மூன்றாக இருந்த அஸ்பராஜின்வழிச் சங்கிலிகளை ஐந்தாக்கியதால்தான் டார்பிபாய்ட்டின் என்ற மருந்து உடலில் நீண்ட நேரம் தங்குகிறது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டிராஸ்டுசுமாப் ஆன்டிபாடியின் கனமான புரதச் சங்கிலியில் 297ஆம் இடத்து அஸ்பராஜினில் ஏறியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியில் ஃப்யூக்கோஸ் என்ற சர்க்கரை அலகு குறைந்தால், நோயெதிர்ப்புச் செல்கள் புற்றுச் செல்லைக் கொல்லும் திறன் கூடுகிறது. எனவே மூல மருந்துக்கு இணையான பயோசிமிலர் ஒன்றைத் தயாரிப்பவர், புரத வரிசை ஒன்றே என்று காட்டினால் போதாது. சர்க்கரைச் சங்கிலிகளின் விகிதமும் ஏற்கத்தக்க எல்லைக்குள் இருப்பதாகத் தொகுதி தொகுதியாகக் காட்ட வேண்டும்.

இந்த வேலை இந்தியாவில் பெரிய அளவில் நடக்கிறது. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 2007இல் ரிட்டுக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்தின் பயோசிமிலரை வெளியிட்டது. பெங்களூரின் பயோகான், மைலான் என்ற மருந்து நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய டிராஸ்டுசுமாப் பயோசிமிலருக்கு 2017 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. இத்தகைய நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவில் சேரும் எம்.எஸ்சி. பட்டதாரி, சங்கிலியை நொதியால் வெட்டுவது, ஒளிரும் சாயம் ஏற்றுவது, நிரலில் பிரிப்பது, நிறமாலைமானியில் சரிபார்ப்பது ஆகிய அனைத்தையும் இரண்டே ஆண்டுகளில் கைப்பழக்கமாக்கிக்கொள்ளலாம். கல்லூரி ஆய்வகத்தில் ஐந்தாண்டு இருந்தாலும் இந்தப் பழக்கம் வந்துவிடாது. குறையும் உண்டு: ஆய்வுக் கேள்வியை நீங்களே தேர்ந்தெடுக்க முடியாது. ஒரே சோதனையை ஒரே முறைப்படி திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், கண்டதை வெளியே எழுத முடியாது, பி.எச்.டி. இல்லாதவர் ஒரு படிக்கு மேல் ஏறுவதும் அரிது. ஆகவே இதை முடிவாகக் கொள்ளாமல் இடைவழியாகக் கொள்பவர்களுக்கே இது நன்மை தரும். வேலையிலிருந்து ஆராய்ச்சிக்குத் திரும்பும்போது ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு இருப்பதை மறக்கக் கூடாது. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் அதில் தளர்வு உண்டு.

நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1985 முதல் இயங்கிவரும் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகச் சர்க்கரை ஆய்வு மையம், ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம், டென்மார்க்கின் கோபன்ஹேகன், ஜப்பானின் நகோயா, கிஃபு ஆகிய இடங்களில் இந்தத் துறைக்கென்றே தனி மையங்கள் உள்ளன. சியாலிக் அமிலத்தைப் பற்றி உலகம் இன்று அறிந்தவற்றில் பெரும் பங்கைத் தந்த அஜித் வர்க்கி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா சென்றவர். 2022இல் நோபல் பெற்ற கரோலின் பெர்டோசியின் வேதியியலும், செல் மேற்பரப்புச் சர்க்கரைகளைக் காண வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்ததே. அங்கே நேரடியாக உதவித்தொகையோடு பி.எச்.டி. கிடைத்தால் போகலாம். நிலத்தையோ நகையையோ அடகுவைத்து முதுநிலைப் பட்டத்துக்காகப் போவதை நான் ஆதரிக்கவில்லை. இந்தத் துறையில் எம்.எஸ். பட்டத்தோடு நின்றுவிட்டால் கடன் அடையும் என்பதற்கு உறுதி இல்லை. இங்கே பி.எச்.டி. முடித்தபின் முதுமுனைவர் பணிக்குப் போவதே பாதுகாப்பானது.

வழியைத் தேர்ந்தெடுப்பதைப் போலவே தலைப்பைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். இதில் நம் சீமைக்கென்று ஒரு வாய்ப்பு இருப்பதாக நான் நம்புகிறேன். கிளைக்கோசைலேற்றம் பிறவியிலேயே பழுதுபட்டுத் தோன்றும் நோய்கள் நூற்றைம்பதுக்கும் மேல் அறியப்பட்டுள்ளன. முதல் நோயாளிகளை 1980இல் பெல்ஜியத்தின் யாக் யாக்கன் விவரித்தார். இவற்றில் பெரும்பாலானவை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்தால் மட்டுமே தோன்றுபவை. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணந்துகொள்ளும் வழக்கம் இன்னும் முற்றிலும் விட்டுப்போகாத நம் ஊர்களில், காரணம் சொல்லப்படாத வளர்ச்சிக் குறையோடும் வலிப்போடும் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். அவர்களில் சிலருக்கு இத்தகைய நோய் இருக்கக்கூடும். இரத்தத்திலுள்ள டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் சங்கிலிகளில் சியாலிக் அமிலம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. சியாலிக் அமிலம் உருவாகத் தேவையான ஜி.என்.இ. நொதியில் ஏற்படும் பழுதினால் இளம் வயதில் பாதம் தொங்கத் தொடங்கும் தசை நோயும் இவ்வகையோடு தொடர்புடையதே. அந்த நொதியின் 727ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் மெத்தியோனினாக மாறும் ஒரு மாற்றம் இந்திய நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. பாளையங்கோட்டையில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குடும்பங்களிடம் அவர்கள் பேச்சில் பேசி, மூன்று தலைமுறை உறவுமுறையைக் கேட்டு எழுதக்கூடியவர் நம் ஊர் மாணவர்தான். அளவீட்டைத் திருவனந்தபுரத்திலோ பெங்களூரிலோ செய்துகொண்டு, நோயாளிகளையும் வம்சாவளியையும் இங்கே பார்க்கும் ஒரு கூட்டு ஆய்வுக்கு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைத் தவிர வேறு பெரிய தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதை எடுத்துக்கொள்ளும் மாணவருக்கு, முதல் வழியா இரண்டாவது வழியா என்ற கேள்வியே பாதி கரைந்துவிடும்.

எனவே என் வரிசை இது. ஜே.ஆர்.எஃப். கிடைத்து, ஊரைவிட்டு வெளியே போக முடியும் என்றால் இரண்டாவது வழி. அதிலும் சர்க்கரையை அளக்கத் தெரிந்த குழுவையே தேட வேண்டும், நிறுவனத்தின் பெயருக்கு மயங்க வேண்டியதில்லை. ஜே.ஆர்.எஃப். கிடைத்தும் வீட்டுச் சூழலால் இங்கேயே இருக்க வேண்டும் என்றால், வெளியூர் ஆய்வகத்தோடு கூட்டு வழிகாட்டியை வைத்துக்கொண்டு முதல் வழி. உதவித்தொகை கிடைக்கவில்லை, சம்பாதித்தாக வேண்டும் என்றால், பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ பகுப்பாய்வுப் பிரிவில் வேலை. மாலை நேரத்தில் நெட் தேர்வுக்குப் படிப்பு.

எந்த வழியில் போனாலும், சேர்வதற்கு முன் வழிகாட்டியிடம் மூன்று கேள்விகளைப் பணிவோடு கேட்டுவிட வேண்டும். இந்த ஆய்வகத்தில் கடைசியாக ஒரு சங்கிலியின் அமைப்பை முழுமையாக உறுதிசெய்தவர் யார்? அந்த அளவீடு எங்கே நடந்தது, செலவை யார் கொடுத்தார்கள்? இங்கிருந்து போன மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? "எங்களிடம் கருவி இல்லை, ஆனால் இன்னாரிடம் அனுப்புகிறோம், அவர் எண் இதோ" என்று ஒருவர் சொன்னால், பெரிய கட்டடத்தில் இருந்துகொண்டு பதிலை மழுப்புகிறவரைவிட அவரிடம் சேர்வதே மேல். முடிந்தால் அங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரிடமும் இதே மூன்று கேள்விகளைத் தனியாகக் கேட்டு, இருவர் பதிலும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.